'ஹூ', 'விச்' படுத்தும் பாடு

நான் வந்த ரயில். நான் வந்த நாள். நான் வந்த வழி. நான் வந்த காரியம்.

இந்த நான்கையும் நம் வீட்டுப் பிள்ளை ஐந்து வயதிலேயே தடுமாறாமல் சொல்லிவிடும். 'வந்த' என்ற ஒரே சொல் நான்கு இடத்திலும் உருமாறாமல் நிற்கிறது. அதே பிள்ளை பத்தாம் வகுப்பில் இவற்றை ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் தொல்லை ஆரம்பம். ரயிலுக்கு 'பை விச்', நாளுக்கு 'ஆன் விச்', காரியத்துக்கு 'ஃபார் விச்' என்று ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பிரிபொசிஷனைத் தேடிப் பிடித்தாக வேண்டும். மைசூரில் பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தைப் பார்க்கும் பெற்றோருக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும்.

நம் இலக்கணத்தில் இதற்குப் பெயரெச்சம் என்று பெயர். செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறையும் அது கொண்டு முடியும் என்று நன்னூல் சொல்கிறது. பவணந்தி முனிவரைக் கொண்டு அந்நூலைச் செய்வித்த சீயகங்கன், கோலார் வழி வந்த கங்கர் குலத்தவன் என்பது இங்குள்ள தமிழர் அறிய வேண்டிய செய்தி. ஆறு உறவுகளுக்கும் ஒரே சொல் போதும் என்றால், வேற்றுமை உருபு எங்கே போயிற்று? அதைப் பெயரெச்சம் விழுங்கிவிடுகிறது. 'ரயிலில் வந்தேன்' என்பதிலுள்ள 'இல்', 'வந்த ரயில்' என்றானதும் காணாமற் போகிறது. கன்னடத்திலும் இதே கதைதான். 'நானு பந்த ரைலு' என்று சொல்ல மைசூர்த் தமிழன் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை.

ஆங்கிலம் அப்படி விழுங்குவதில்லை. 'நான் குடியிருக்கும் வீடு' என்பதை நம் பிள்ளைகள் 'தி ஹவுஸ் விச் ஐ லிவ்' என்று எழுதிவிடுவதற்குக் காரணம் இதுவே. கடைசியில் ஒரு 'இன்' வேண்டும். அல்லது 'விச்'சுக்கு முன்னால் வேண்டும். இன்னொரு பிழை இதற்கு நேர்மாறானது: 'தி மேன் ஹூ ஐ மெட் ஹிம்'. இரண்டு வாக்கியங்களை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லும் பயிற்சியில் இது தவறாமல் தலைகாட்டும்.

ரயில்வேக்காரன் பாணியில் சொல்லிப் பார்க்கிறேன். 'ஹிம்' என்ற பயணி தன் பெர்த்தை விட்டு முன்பக்கம் போய், 'ஹூ' என்ற பெயரில் உட்கார்ந்துவிட்டார். பழைய பெர்த்தும் அவருக்கே என்று எழுத முடியாது. 'இன்', 'பை' போன்றவை அவருடைய மூட்டை முடிச்சு. அதைக் கையோடு முன்னால் கொண்டுபோகலாம். அது 'இன் விச் ஐ லிவ்'. பழைய இடத்திலேயே விட்டுவிட்டும் போகலாம். அது 'விச் ஐ லிவ் இன்'. இரண்டும் சரியே. ஜன்னல் வழியாக வெளியே எறிவதற்கு மட்டும் அனுமதி இல்லை.

இதைவிடப் பெரிய வேறுபாடு வரிசையில் இருக்கிறது. 'காவேரி எக்ஸ்பிரஸில் வந்த வியாபாரி விட்டுச்சென்ற பையை எடுத்த போர்ட்டர்' என்கிறோம். இதில் முதலில் ரயில், பிறகு வியாபாரி, பிறகு பை, கடைசியில் போர்ட்டர். ஆங்கிலமோ போர்ட்டரிடம் தொடங்கும். 'ஹூ' போட்டுப் பைக்கு வரும், 'தட்' போட்டு வியாபாரிக்கு வரும், இன்னொரு 'ஹூ' போட்டுக் கடைசியில் ரயிலில் ஏறும். கண்ணாடியில் பார்ப்பதுபோல வலது இடதாகிவிடுகிறது. யாரைப் பற்றிய பேச்சு என்பதை ஆங்கிலேயன் முதலிலேயே சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்கிறான். நாம் கதை முழுவதையும் சொல்லிவிட்டு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம்.

இந்தக் கண்ணாடி விஷயத்தை உலகறிய எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் இந்த ஊரில் பிறந்த தமிழர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஏ. கே. ராமானுஜன் 1929-ல் மைசூரில் தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் கணிதப் பேராசிரியர். வீட்டின் கீழ்த்தளத்தில் தாயாரோடு தமிழ், மாடியில் தந்தையாரோடு ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்று வளர்ந்தவர். மகாராஜா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து, பின்னர் அமெரிக்கா சென்று மொழியியலில் டாக்டர் பட்டம் பெற்றார். 1962-ல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடப்போன இடத்தில், உ. வே. சாமிநாதையர் 1937-ல் பதிப்பித்த குறுந்தொகை அவர் கையில் கிடைத்தது. தாய்மொழியின் பழம்பாட்டைக் கடல் கடந்து போய்க் கண்டெடுத்திருக்கிறார்! அதன் விளைவாக 1967-ல் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூல் வெளிவந்தது. 1976-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1993-ல் சிகாகோவில் காலமானார்.

தமிழ்ப் பாடல் ஒன்றை மொழிபெயர்ப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரையில் ஐங்குறுநூற்றின் 203-வது பாடலை எடுத்துக்கொள்கிறார். கபிலர் பாடியது. தலைவனுடைய ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய பெண் தோழியிடம் பேசுகிறாள். அவன் நாட்டில் இலைதழை மூடிய பள்ளத்தில் மான் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் நீர், நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட இனிக்கிறது என்கிறாள். மூலத்தில் இலை, பள்ளம், மான் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து, 'நீர்' கடைசியில்தான் வருகிறது. அதுவரை எது இனிக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரிய வரும்போது அது வெறும் சேற்று நீர்! பாட்டின் உயிரே அந்த வரிசையில்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் நீரைக் கடைசியில் வைக்க அவருக்கு வழியில்லை. பாலும் தேனும் முதலில் வரட்டும் என்று மூலத்தின் தொடக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டார். நீர் நடுவில் வந்துவிட்டது. அதற்கு முன்னால் நின்ற இலைகளும் விலங்கும் பின்னால் போய்ச் சேர்ந்தன. ஆனால் சேறு கடைசி வரியில் நிற்கும்படி பார்த்துக்கொண்டார். 'ஹூ', 'விச்' ஒன்றுகூட இல்லாமலே இதைச் செய்திருக்கிறார் என்பது மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். 'விச் இஸ் கவர்ட் வித் லீவ்ஸ்' என்று இழுக்காமல் 'கவர்ட் வித் லீவ்ஸ்' என்று மட்டும் சொன்னால் ஆங்கிலத்துக்குப் போதும். நம் பெயரெச்சத்துக்கு ஆங்கிலத்தில் மிக நெருங்கிய உறவு இதுதான்.

இந்தியின் வழி வேறு. 'ஜோ' என்று தொடங்கி 'வஹ்' என்று முடிக்கும்: எந்தப் பையன் வந்தானோ, அந்தப் பையன். நம்மிடமும் அந்த அமைப்பு இருக்கிறது, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். அதற்காக ஆங்கிலத்தையோ இந்தியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'எந்தப் பயணிகள் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கிறார்களோ அவர்கள்' என்று அறிவிப்பு எழுதுவது என்ன நியாயம்? 'டிக்கெட் இல்லாமல் பயணம் செய்பவர்கள்' என்றால் முடிந்தது. 1969-ல் மைசூரில் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் தென் மண்டல மையத்தில், பிற மாநில ஆசிரியர்கள் தமிழ் கற்கிறார்கள். ஆளை முதலில் சொல்லிப் பழகிய நாக்குக்கு, கதையை முதலில் சொல்லும் பயிற்சி அங்கே கிடைக்கிறது.

இனி கமா. 'பெங்களூரில் இருக்கும் என் தம்பி' என்றால் எனக்கு ஒரு தம்பியா, மூன்று தம்பிகளா? தமிழ் சொல்லாது, கேட்பவருக்கும் அது கவலையில்லை. ஆங்கிலம் சொல்லியே தீரும். 'மை பிரதர்' என்றபின் கமா போட்டு 'ஹூ' எழுதினால் இருப்பது ஒரே தம்பி. பெங்களூர் என்பது உபரித் தகவல். கமா இல்லாவிட்டால் வேறு ஊரிலும் ஒரு தம்பி இருக்கிறான் என்று பொருள் கொள்ள இடமுண்டு. கமா வரும் இடத்தில் 'தட்' வராது. 1926-லேயே ஃபவுலர் என்ற ஆங்கில அறிஞர், கமா இல்லாத இடத்துக்குத் 'தட்', கமா உள்ள இடத்துக்கு 'விச்' என்று பங்கு பிரித்துக்கொள்ளலாம் என யோசனை சொன்னார். எழுதுகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

தம்பி விஷயத்தில் கமா தவறினால் ஒன்றும் குடி முழுகாது. பென்ஷன் மனுவில் அப்படியல்ல. திருமணமான மகளுக்குக் குடும்பப் பென்ஷன் கிடையாது. மணமாகாத மகளுக்கும் விதவை மகளுக்கும் விதிகளுக்கு உட்பட்டு உண்டு. 'மை டாட்டர் ஹூ இஸ் மேரீட்' என்று கமா இல்லாமல் எழுதிக் கொடுத்தால், அப்படியானால் மணமாகாத மகள் யார், அவள் பெயர் ஏன் இல்லை என்று கேள்வி எழுப்ப ஒரு குமாஸ்தாவுக்கு இலக்கணப்படியே உரிமை உண்டு. காகிதம் திரும்பும். ஓய்வு பெற்றவர் மறுபடியும் படியேற வேண்டும்.

மனு எழுதித் தரும்படி என்னிடம் வருகிறவர்களுக்கு நான் இந்த இடத்தில் 'ஹூ' போடுவதே இல்லை. எனக்கு ஒரே மகள். அவளுக்குத் திருமணமாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியமாக எழுதிவிடுகிறேன். டைப் அடிப்பவர் கமாவை விட்டாலும் மகள்களின் எண்ணிக்கை மாறாது.