மகன் பூட்டும் கணினி: முதலில் எதைப் பார்ப்பது?

தாய்மாரே! விளையாட்டுக் கணினியைத் தானே பூட்டப்போவதாக மகன் சொல்கிறானா? சீட்டுக் காசை எடுத்துக் கொடுக்குமுன் அவனுடைய பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போயிருக்கும். பவர் சப்ளைக்கு மிஞ்சியதுதான்.

செட்டிகுளத்து வெயிலையும் திடீரென நின்று வரும் கரண்டையும் நாம் அறிவோம். 230 வோல்ட் மின்சாரத்தைப் 12 வோல்ட்டாக இறக்கி உறுப்புகளுக்கு ஊட்டுவது பவர் சப்ளையே. மட்டமானது எரிந்தால் மதர்போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். '80 பிளஸ்' முத்திரையுள்ளது மின்சாரத்தை வெப்பமாக வீணாக்குவது குறைவு. உறுப்புகளின் வாட் அளவைக் கூட்டி, அதற்கும் சற்று மேலாக வாங்குங்கள். காற்றோட்டமுள்ள பெட்டியும் வேண்டும்.

அடுத்தது பொருத்தம். ஏஎம்4 மதர்போர்டு டிடிஆர்4 நினைவகத்தையே ஏற்கும். 2022இல் வந்த ஏஎம்5 டிடிஆர்5ஐ மட்டுமே ஏற்கும். மாறி வாங்கினால் காசு முடங்கும்.

கிராபிக்ஸ் கார்டைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். அத்திவாரம் போட்ட பிறகுதானே கூரை!