லைசென்ஸ் வேண்டாம், பிரேக்கும் கிடையாது... குடும்பமே ஓட்டும் வாடகைப் படகு!

ஆலப்புழாவில் படகு வீடு எடுத்தால், ஓட்ட ஒருவர், சமைக்க ஒருவர் என்று ஆட்கள் கூடவே வருவார்கள். கரிமீன் வறுவல் சூடாகத் தட்டுக்கு வரும். தென்னந்தோப்புகள் தானாக நகர்ந்து போகும். நமக்கு வேலை, சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது மட்டும்தான்.

இங்கிலாந்தின் செஷயரில் தொடங்கி வேல்ஸுக்குள் நுழையும் லாங்கோலன் கால்வாயில் அந்தச் சொகுசு கிடையாது. அங்கே படகு வாடகைக்கு எடுத்தால், நிறுவனத்து ஆள் ஒருவர் வந்து இன்ஜினை எப்படிக் கிளப்புவது, எப்படித் திருப்புவது, கரையில் எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொடுப்பார். கொஞ்ச தூரம் கூடவே வந்து பார்ப்பார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொள்வார். பஸ்ஸைவிட நீளமான, பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த இரும்புப் படகு, ஒரு வாரத்துக்கு உங்கள் பொறுப்பு!

படகு ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பிரிட்டன் கால்வாய்களில் விடுமுறைப் படகை ஓட்ட அது தேவையும் இல்லை. கார் ஓட்டத் தெரியாதவர்கள்கூட ஓட்டலாம். 'அப்படியானால் ரொம்ப சுலபம்போல' என்று நினைத்தால், அங்கேதான் தப்பு. லைசென்ஸ் வேண்டாம், ஆனால், கவனம் நிறைய வேண்டும்.

ஏழடி அகலத்தில் ஒரு வீடு

இந்தப் படகுகளுக்கு 'நேரோபோட்' என்று பெயர். அகலம் 6 அடி 10 அங்குலம்தான். நீளம் மட்டும் 70 அடி வரை போகும். கால்வாயில் வழிநெடுக இருக்கும் 'லாக்' என்ற நீர்க்கதவுத் தொட்டிகளின் அகலமே சுமார் ஏழடிதான் என்பதால் இப்படி ஒல்லியாகக் கட்டுகிறார்கள்.

ஒரு காலத்தில் நிலக்கரியும் சுண்ணாம்புக் கல்லும் சுமந்தவை இந்தப் படகுகள். கரையில் நடந்த குதிரை, கயிறு கட்டி இழுத்துப் போனது. படகோட்டிகளில் பலர் மனைவி, பிள்ளைகளுடன் படகின் பின்னால் இருந்த ஒற்றைச் சிறு அறையிலேயே குடித்தனம் நடத்தினார்கள். இன்று சரக்கு இருந்த இடத்தில் கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஷவர் எல்லாம் வந்துவிட்டன. குதிரைக்குப் பதில் டீசல் இன்ஜின்.

வீடு என்றால் வீட்டு வேலையும் உண்டு. தண்ணீர்த் தொட்டியை முடிந்தால் தினமும் நிரப்பிக்கொள்வது நல்லது. கரையோரம் அதற்கான குழாய்கள் இருக்கின்றன. ஷவரில் அரை மணி நேரம் நின்றால் அடுத்தவருக்குத் தண்ணீர் இருக்காது. இன்ஜின் ஓடும்போதுதான் பேட்டரி ஏறும். அதனால் விளக்கை அணைப்பதிலிருந்து எல்லாவற்றிலும் சிக்கனம் தானாக வந்துவிடும்.

இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் திரும்பும்

படகில் ஸ்டீயரிங் இல்லை. பின்பக்கம் நின்றுகொண்டு 'டில்லர்' என்ற நீளமான தண்டைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். டில்லரை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் போகும். முதல் அரை மணி நேரம் எல்லோரும் கரையில் முட்டுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயம், படகு மூக்கில் இருந்து திரும்புவதில்லை. நடுவில் இருந்து சுழலும். முன்பக்கம் வலப்புறம் போனால், பின்பக்கம் இடப்புறம் வீசும். கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும்.

பிரேக்? அது கிடையவே கிடையாது. நிறுத்த வேண்டும் என்றால் ரிவர்ஸ் கியர் போட்டுக் காத்திருக்க வேண்டும். ரிவர்ஸில் போகும்போது டில்லர் பெரிதாகப் பேச்சுக் கேட்காது. அதனால் எதையும் முன்கூட்டியே யோசித்துச் செய்ய வேண்டும். நம் ஊரில் இடப்பக்கம் போய்ப் பழகியவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். எதிரே படகு வந்தால் இங்கே வலப்பக்கம்தான் ஒதுங்க வேண்டும்.

அதிகபட்ச வேகம் மணிக்கு 4 மைல். அதாவது, சுமார் 6.4 கிலோமீட்டர். கரையில் நாயோடு வாக்கிங் போகிறவர் உங்களை முந்திவிடலாம். கரையோரம் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைத்து ஊர்ந்துதான் போக வேண்டும். வேகமாகப் போனால் எழும் அலை, அந்தப் படகுகளைக் கட்டியிருக்கும் முளைகளைப் பிடுங்கிவிடும். கரை மண்ணையும் அரிக்கும்.

தண்ணீரில் ஒரு லிஃப்ட்

பயணத்தில் பிள்ளைகள் ஆவலாகக் காத்திருப்பது 'லாக்' எப்போது வரும் என்றுதான். மேட்டு நிலத்துக்குக் கால்வாய் எப்படி ஏறும்? இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு தொட்டி. படகு உள்ளே போனதும் பின்கதவை மூடிவிட்டு, மேல்பக்க மதகுகளைத் திறந்தால் தண்ணீர் நிரம்பும். படகும் மெள்ள உயரும். மேல்மட்டத்துக்கு வந்ததும் முன்கதவைத் திறந்து வெளியே போகலாம். இறங்குவதற்கு இதே வேலை தலைகீழ்.

மதகைத் திறக்க, 'ட' எழுத்தைப்போல வளைந்த ஒரு இரும்புக் கைப்பிடி தருவார்கள். 'விண்ட்லாஸ்' என்று பெயர். கதவைத் திறக்க, அதிலிருந்து நீளும் மரக்கட்டையில் முதுகைச் சாய்த்துத் தள்ள வேண்டும். இருபக்கமும் தண்ணீர் மட்டம் சமமாகாதவரை யார் தள்ளினாலும் கதவு அசையாது. சமமானதும், பத்து வயதுப் பிள்ளையும் பெரியவர்களோடு சேர்ந்து தள்ளலாம்.

இங்கே வீட்டில் எல்லோருக்கும் வேலை கிடைக்கும். ஒருவர் டில்லரில், இருவர் கதவில், ஒருவர் கயிற்றில். போனைப் பார்த்துக்கொண்டு உட்கார யாருக்கும் நேரம் இருக்காது.

ஒருமுறை இதைத் திறந்து மூடினால் கீழே போகும் தண்ணீர் சுமார் ஒரு லட்சம் லிட்டர். எதிரே இன்னொரு படகு வந்துகொண்டிருந்தால், காத்திருந்து அதற்கு வழிவிடுவதுதான் அங்கே மரியாதை. ஒரே தண்ணீரில் இரண்டு படகுகள் போய்விடும் அல்லவா?

அந்த வெள்ளைக் கோடு

விடுமுறை விபரீதமாவதும் இதே இடத்தில்தான். மேல்கதவுக்கு அடியில், தொட்டிக்குள் நீட்டிக்கொண்டு ஒரு படி இருக்கும். 'சில்' என்பார்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. கீழே இறங்கும்போது படகின் பின்பக்கம் அந்தப் படியின் மேல் நின்றுவிட்டால், தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் மட்டும் இறங்கும். பின்பக்கம் படியில் தொங்கும். சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடக்கூடும்.

இதற்காகவே தொட்டியின் சுவரில் வெள்ளைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். படகின் பின்முனை எப்போதும் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். தண்ணீர் வடிந்து முடியும்வரை டில்லரில் இருப்பவர் பின்னால் ஒரு கண் வைத்தபடியே இருக்க வேண்டும். 'மாட்டிக்கிச்சு' என்று தோன்றிய அடுத்த நொடி, கீழ்மதகுகளை மூடச் சொல்லிக் கத்த வேண்டும். அவை மூடியதும் மேல்மதகுகளை நிதானமாகத் திறந்தால், தண்ணீர் ஏறிப் படகு மறுபடி மிதக்கும். அதனால்தான் மதகடியில் நிற்பவர், தண்ணீர் வடியும்போது அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. செல்ஃபியும் எடுக்கக் கூடாது.

படகு சுவரில் மோதப்போகிறது என்றால், கையையோ காலையோ நீட்டித் தடுக்கவே கூடாது. பத்து டன் இரும்பைக் கால் தாங்காது. மோதினால் படகின் பெயின்ட்தான் போகும், போகட்டும்.

126 அடி உயரத்தில்...

லாங்கோலன் கால்வாய்க்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்களை இழுப்பது பான்ட்கசல்த்தே தொட்டிப்பாலம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஏறிப் பார்த்தவர்கள், அந்தத் தொட்டிக்குள் படகே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். டீ ஆற்றுக்கு மேலே 126 அடி உயரத்தில், 1,007 அடி நீளத்துக்கு வார்ப்பிரும்புத் தொட்டி. அதற்குள் கால்வாய். பொறியாளர்கள் தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் இதைக் கட்டினார்கள். 1795-ல் தொடங்கிய வேலை, 1805-ல் முடிந்தது. 2009-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது.

பாலத்தின் ஒரு பக்கம் நடைபாதையும் கம்பித் தடுப்பும் உண்டு. மறுபக்கம் எதுவுமே கிடையாது. தண்ணீருக்கு மேலே சில அங்குலம் மட்டும் தெரியும் இரும்பு விளிம்பு. அதைத் தாண்டினால் வெறும் காற்று. படகு தானாக வெளியே போக வழியில்லை என்றாலும், பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்து ஜன்னல் வழியாகக் காட்டுவதே நல்லது. உயரம் என்றால் பயப்படுபவர்கள் இறங்கி நடைபாதையில் நடந்து வரலாம்.

குடிநீர் காப்பாற்றிய கால்வாய்

இத்தனை அழகான கால்வாய் ஒருமுறை சட்டப்படியே கைவிடப்பட்டது. ரயிலும் லாரியும் வந்த பிறகு சரக்குப் படகுகளுக்கு வேலை இல்லாமல் போனது. 1944-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம், இந்தக் கால்வாயில் படகுப் போக்குவரத்தே தேவையில்லை என்று முடிவுகட்டினார்கள்.

அடுத்த ஆண்டு, செப்டம்பர் 7-ம் தேதி அதிகாலையில், லாங்கோலன் ஊருக்கு அருகே கரை உடைந்தது. பாய்ந்த தண்ணீர், கீழே இருந்த ரயில் பாதையின் மண்மேட்டை அடித்துப்போனது. இருட்டில் வந்த ரயில் அந்தப் பள்ளத்தில் விழுந்தது. ரயில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார்.

கைவிடப்பட்ட கால்வாய்தானே, அப்படியே தூர்ந்துபோக விட்டிருக்கலாம். விடவில்லை. காரணம், தண்ணீர். டீ ஆற்றிலிருந்து எடுக்கும் தண்ணீர், இந்தக் கால்வாய் வழியாகத்தான் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குப் போய், அங்கிருந்து வீடுகளின் குடிநீர்க் குழாய்களுக்குப் போகிறது. அதற்காகக் கரையைக் கட்டினார்கள். கால்வாய் உயிரோடு இருந்தது. இன்றும் அந்தத் தண்ணீர் ஓடுவதால்தான், மற்ற கால்வாய்களைப் போலத் தேங்கி நிற்காமல் இங்கே நீரோட்டம் தெரிகிறது. லாங்கோலன் ஊரை நோக்கிப் போகும்போது படகு கொஞ்சம் திணறும். திரும்பி வரும்போது தானாக நழுவும்.

அதே காலத்தில்தான், கால்வாய்கள் அழியக் கூடாது என்று சிலர் குரல் கொடுத்தார்கள். டாம் ரோல்ட் என்பவர் படகிலேயே குடியிருந்து, அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். 1946-ல் அவரும் ராபர்ட் ஐக்மேனும் சேர்ந்து கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் சேற்றில் இறங்கித் தூர் வாரினார்கள். சரக்கு போன இடத்தை விடுமுறைக் குடும்பங்கள் மெள்ள நிரப்பின. கைவிடப்பட்ட லாங்கோலன், பிரிட்டனிலேயே அதிகம் பேர் விரும்பும் விடுமுறைக் கால்வாய்களில் ஒன்றாகிவிட்டது. அதனால்தான், கரை அரிக்காமல் மெதுவாகப் போங்கள் என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கரை உடைந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு முன்...

* சீசன், பொதுவாக மார்ச் முதல் அக்டோபர் வரை. பள்ளி விடுமுறைக் காலத்தில், நான்கு பேர் படகுக்கு ஒரு வார வாடகை ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். டீசல், முன்பணம், இன்ஷூரன்ஸ் வாடகையில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

* ஒரு வாரம் தாக்குப்பிடிப்போமா என்ற சந்தேகம் இருந்தால், ஒருநாள் வாடகைப் படகில் முயன்று பார்க்கலாம்.

* மொத்தக் கால்வாயில் 21 லாக்குகள். அந்த வேலையே வேண்டாம் என்பவர்கள் சர்க் அல்லது ட்ரெவர் ஊரில் ஏறினால், ஒரு லாக்கூட இல்லாமல் லாங்கோலன் வரை போகலாம்.

* ட்ரெவருக்குப் பிறகு சில இடங்களில் ஒரு படகு மட்டுமே போகும் அளவுக்குக் கால்வாய் குறுகும். ஒருவர் முன்னால் நடந்துபோய், எதிரே படகு வரவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

* லைஃப் ஜாக்கெட்டைப் பிள்ளைகள், நீச்சல் தெரியாதவர்கள் எப்போதும் போட்டிருக்க வேண்டும். யாராவது தண்ணீரில் விழுந்தால், முதல் வேலை இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது. பின்னால் சுற்றும் விசிறிதான் தண்ணீரைவிட ஆபத்து.

* விசிறியில் துணியோ பிளாஸ்டிக்கோ சிக்கினால், இன்ஜினை அணைத்து, சாவியை உருவிப் பையில் போட்ட பிறகுதான் கையை விட வேண்டும்.

* டில்லர் பிடிப்பவருக்கு மது கூடாது. இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது. மாலை வெளிச்சம் இருக்கும்போதே கரையில் முளை அடித்துக் கட்டிவிட வேண்டும்.

கட்டிய பிறகு கெட்டிலை அடுப்பில் வைக்கலாம். சற்று நேரத்தில் வேறொரு குடும்பம் படகில் வரும். உங்களைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, ஒரு கையை உயர்த்திவிட்டு மெள்ளக் கடந்து போகும். மேஜையில் இருக்கும் டீ தளும்பாது. மறுநாள் நீங்களும் அவர்களை அப்படியேதான் கடக்க வேண்டும்.