பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்ட 14 விழுக்காடு



சொக்சோ முடிவை எதிர்த்து அப்பீல் செய்ய வேண்டும் என்று சங்கத்துக்கு வருகிறவர்களில் பலர் முதலில் எடுத்து நீட்டுவது தங்கள் கடிதத்தை அல்ல, வேறொருவர் கடிதத்தை.

“ஐயா, எங்க லயத்து அண்ணனுக்கும் இதே ஆள்காட்டி விரல்தான். அவருக்கு 14 விழுக்காடு போட்டாங்க. எனக்கு 5தான் போட்டிருக்காங்க. இது என்ன நியாயம்?”

வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் அந்த அண்ணன் கடிதத்தை மட்டும் நம்பி அப்பீலுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப நேரும். ஏன் என்று பார்ப்போம்.

1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்த உறுப்பு போனால் எத்தனை விழுக்காடு என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டை விரல் முழுதும் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. அதே விரலில் இரண்டு கணு போனால் 11, ஒரு கணு போனால் 9. எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் 5. ஆக, அண்ணனுக்கும் உங்களுக்கும் விரல் ஒன்றுதான், போன அளவு வேறு. அவர் 14 வாங்கினார் என்பது உங்கள் விரலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

உங்களுக்கு வேண்டியது வேறு. செம்பனைக் குலை வெட்டும்போது அரிவாள் பட்டு நுனி எலும்பும் சேர்ந்து போயிருக்கிறது, ஆனால் மருத்துவ வாரியம் “எலும்பு சேதமில்லை” என்று 5 போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே உங்களைக் காப்பாற்றுவது எக்ஸ்ரே படமும், “எலும்பு இத்தனை போயிருக்கிறது” என்று எழுதிய டாக்டர் கடிதமும்தான்.

5க்கும் 9க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்காதீர்கள். நிரந்தர ஊன உதவித்தொகைக்கு நாள் சம்பளக் கணக்கில் 90 விழுக்காட்டை எடுத்து, அதில் உங்கள் ஊன விழுக்காட்டைப் பார்ப்பார்கள். நாள் சம்பளம் 50 வெள்ளி என்றால் 90 விழுக்காடு 45 வெள்ளி. அதில் 5 விழுக்காடு 2 வெள்ளி 25 காசு, 9 விழுக்காடு 4 வெள்ளி 5 காசு. இந்த ஒரு நாள் தொகையை வைத்துத்தான் மொத்தப் பணத்தையும் கணக்குப் போடுகிறார்கள். 20 விழுக்காடு வரை முழுதையும் ஒரேயடியாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேலே போனால் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மொத்தமாக எடுக்க முடியும், மீதி உயிருள்ள வரை மாதாமாதம் வரும். ஆகவே 19க்கும் 21க்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் அரிசிச் செலவே இருக்கிறது.

சரி, அப்பீல் எங்கே செய்வது? இதிலும் பலர் தடுமாறுகிறார்கள். கடிதத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து ஒரு முறை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். விழுக்காடு போதாது என்பது உங்கள் குறை என்றால் அது டாக்டர்கள் தீர்க்கும் விஷயம். மலாயில் ‘ஜெமாஆ டோக்டர் ராயுவான்’ என்பார்கள், மேல்முறையீட்டு மருத்துவ வாரியம். முடிவுக் கடிதத்திலிருந்து 90 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். “இது வேலையில் நடந்த விபத்தே இல்லை” என்று தள்ளியிருந்தால் அது சட்ட விஷயம். அதற்குச் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம் தனியாக இருக்கிறது. அதற்கும் மேலே உயர்நீதிமன்றம் உண்டு, ஆனால் அங்கே சட்டக் கேள்வியை மட்டும்தான் கொண்டுபோக முடியும். “விரல் இன்னும் வலிக்குது” என்று அங்கே போய் நிற்க முடியாது.

பழைய தீர்ப்புகள் உதவுவது இந்த இரண்டாவது வழியில்தான். வேலைக்குப் போகும் பாதை எது, வழியில் வேறு காரியத்துக்காகத் திரும்பினால் என்ன ஆகும் என்பது போன்ற கேள்விகளுக்கு உயர்நீதிமன்றமும் அதற்கு மேலே உள்ள நீதிமன்றங்களும் சொன்ன விளக்கம் வாரியத்தைக் கட்டுப்படுத்தும். அதைத் தேடி எடுப்பது வழக்கறிஞர் வேலை. உங்கள் வேலை, எத்தனை மணிக்குக் கிளம்பினேன், எந்தப் பாதையில் போனேன், யார் பார்த்தார்கள் என்பதை மறப்பதற்கு முன் எழுதி வைப்பது.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் போருக்குப் போய் உடம்பு கெட்டுத் திரும்பிய வீரர்களும் இப்படித்தான் உதவித்தொகைக்கு அப்பீல் செய்கிறார்கள். அவர்களுடைய மேல்முறையீட்டு வாரியத்தின் முடிவுகள் யாரும் எடுத்துப் படிக்கும்படி வெளியாகின்றன. ஆனாலும் ஒருவர் ஜெயித்த முடிவு அடுத்தவர் வழக்கைக் கட்டுப்படுத்தாது என்பது அங்கே சட்டம். பொதுவாக அங்கே கேட்பது மூன்று. இப்போது நோய் இருக்கிறதா? சேவையில் இருந்தபோது ஏதாவது நடந்ததா? அதையும் இதையும் சேர்க்கும் டாக்டர் கருத்து எங்கே? விவரம் தெரிந்த வீரர்கள் பழைய முடிவுகளைப் படிப்பது நகல் எடுத்து நீட்டுவதற்கு அல்ல. எந்த இடத்தில் ஒருவர் தோற்றார், அங்கே அவரிடம் எந்தத் தாள் இல்லாமல் போனது என்று பார்க்கத்தான். நீங்களும் அண்ணன் கடிதத்தை அப்படிப் படியுங்கள். “உங்களுக்கு எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்? என்னென்ன படம் கொண்டுபோனீங்க?” என்று கேளுங்கள். அவர் வாங்கிய 14ஐவிட இந்தப் பதில்தான் உங்களுக்கு உதவும்.

இனி டாக்டர் கடிதத்துக்கு வருவோம். எல்லாக் கடிதமும் ஒன்றல்ல. குலை தூக்கும்போது சறுக்கி விழுந்து இடுப்பு போன ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். “இவருக்கு விழுந்ததால் இடுப்பு வலி” என்று ஒரு வரி எழுதினால் அது செல்லாக்காசு மாதிரி. எதிரே இருக்கிறவர்கள், “ஐம்பது வயதாகிவிட்டது, இது வயதுத் தேய்மானம்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதையே நிபுணர் இப்படி எழுதியிருந்தால்? விபத்துக்கு முந்தின நாள் வரை முழு வேலை செய்தவர். தோட்டத்து கிளினிக் புத்தகத்தில் இடுப்பு வலி என்று ஒரு தடவைகூட இல்லை. விழுந்த அன்றே இடது கால் மரத்துப்போனது. ஸ்கேனில் வட்டு பிதுங்கி ஒரு நரம்பை அழுத்துகிறது. மரத்த இடமும் அந்த நரம்பு போகும் இடமும் ஒன்று. ஆகவே விபத்தே காரணம். இப்படி ஏன் என்று சொல்லும் கடிதத்தைத் தள்ளுவதென்றால் பதில் காரணம் சொல்லியாக வேண்டும்.

டாக்டரிடம் பொய் எழுதச் சொல்லாதீர்கள், அவர் எழுதவும் மாட்டார். தேய்மானமும் இருக்கிறதென்றால் அதையும் எழுதட்டும், விபத்து அதற்கு மேல் என்ன செய்தது என்பதையும் எழுதட்டும். விரல் எவ்வளவு மடங்குகிறது, கண் பலகையில் எத்தனையாவது வரி வரை தெரிகிறது, எத்தனை நேரம் நிற்க முடிகிறது என்று அளந்து எழுதச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. முடப் பென்ஷன் கேட்கிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே கேள்வி உறுப்பைப் பற்றியது அல்ல. நோய் குணமாகாதா, உங்கள் உடம்புக்கு ஏற்ற வேலையில் நல்ல உடம்புள்ளவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்காவது உங்களால் சம்பாதிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் “நீரிழிவு இருக்கிறது, இருதயம் பலவீனம்” என்று மட்டும் எழுதிய கடிதம் பாதிக் கிணறுதான்.

அந்த கிளினிக் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான வழக்குகள் முதல் நாளிலேயே கெட்டுப்போகின்றன. மரத்தடியில் விழுந்தவர் தண்டலிடம் “ஒன்னுமில்லே” என்று சொல்லி, தைலம் தேய்த்துக்கொண்டு நாலு நாள் கழித்து டிரசரிடம் போவார். அவரும் “உடம்பு வலி” என்று எழுதிவிடுவார். பின்னால் அந்த இரண்டு சொல்லை எந்த நிபுணராலும் அழிக்க முடியாது. விழுந்த அன்றே போய், எங்கே, எப்படி, எந்த நேரம் என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். தகவல் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை.

வாரியத்தின் முன்னால் போகும் நாளில் நம் ஜனங்கள் செய்யும் இன்னொரு காரியம் எனக்குப் பெரிய கோபத்தைத் தரும். டாக்டர் “அப்பா மச்சாம்?” என்று கேட்டவுடன், கைகட்டி நின்று, “இப்ப பரவாயில்லீங்க டாக்டர்” என்பார்கள். அது மரியாதை என்று நமக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்திருப்பவர், “ஆள் தேறிவிட்டார்” என்று எழுதிக்கொள்வார். எது முடியவில்லையோ அதைச் சொல்லுங்கள். “உளியை இறுக்கிப் பிடிக்க முடியலே, நாலு குலை வெட்டினா கை நடுங்குது.” மலாய் சரியாக வராதென்றால் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

உங்கள் சொந்தப் பழைய முடிவு இருக்கிறதே, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முன்பு 10 விழுக்காடு போட்டு முடித்த காயம், அப்போது யாரும் எதிர்பாராத அளவுக்குப் பின்னால் மோசமானால் மறுபரிசீலனை கேட்க வழி உண்டு. அப்போது அந்தப் பழைய கடிதம்தான் அளவுகோல். அன்று விரல் இவ்வளவு மடங்கியது, இன்று இவ்வளவுதான் மடங்குகிறது என்று புதிய டாக்டர் ஒப்பிட்டு எழுத அது வேண்டும்.

ஆகவே கடிதம், எம்.சி., எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். எக்ஸ்ரேயை மடிக்க வேண்டாம். முடிவுக் கடிதம் கைக்கு வந்ததும் அதிலுள்ள தேதியிலிருந்து 90 நாளை எண்ணிக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, அந்த வாரமே கிளைச் செயலாளரைப் பாருங்கள். நிபுணரிடம் அறிக்கை வாங்கவே வாரக்கணக்கில் ஆகும். எண்பதாவது நாள் வந்து நின்றால் அவரும்தான் என்ன செய்வார்?