கல்லைத் தொடாமலே கரைக்கும் நொதி

ஒரு கிளிஞ்சலின் மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பாருங்கள். பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பும். கிளிஞ்சலில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டை அமிலம் அரிக்கிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. சுண்ணாம்புக்கல்லும் பவளமும் இதே பொருளால் ஆனவைதான்.

மலையிலும் கடலடியிலும் இந்தக் கல்லைக் கரைப்பது பெரும்பாலும் கார்பானிக் அமிலம். கார்பன் டை ஆக்சைடு நீரோடு வினைபுரிந்தால் உண்டாவது அது. நீரில் கரைந்த வாயுவில் மிகச் சிறு பங்குதான் எந்த நேரத்திலும் அமிலமாக இருக்கும். அதைக் கல் செலவழித்துவிட்டால், அடுத்த வாயு மூலக்கூறு அமிலமாக மாற 25 டிகிரி செல்சியஸில் சராசரியாக அரை நிமிடம் போல ஆகும். மூலக்கூறுகளின் உலகில் அது நெடுங்காலம்.

இந்தத் தாமதத்தைப் போக்குவதுதான் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி. 1930களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரம், ரஃப்டன் இருவரும் இதை ரத்தச் சிவப்பணுக்களில் கண்டறிந்தனர். நுரையீரலின் நுண்குழாய்களை ரத்தம் ஒரு விநாடிக்குள் கடந்துவிடுகிறது. இதே வினையை நொதி எதிர்த்திசையிலும் முடுக்குகிறது; அது இல்லையென்றால், கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் பயணிக்கும் வடிவமான பைகார்பனேட் அதற்குள் வாயுவாக மாறி வெளியேற முடியாது.

நொதியின் நடுவே ஒரு துத்தநாக அயனி இருக்கிறது. அதில் ஒட்டும் நீர் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டு ஹைட்ராக்சைடாகிறது. அந்த ஹைட்ராக்சைடு அருகில் வரும் கார்பன் டை ஆக்சைடைப் பற்றிக்கொள்ள, பைகார்பனேட் பிறக்கிறது; அதுவும் விடுபட்ட ஹைட்ரஜன் அயனியும் சேர்ந்தால் கார்பானிக் அமிலம். நம் உடலில் உள்ள வேகமான வகையில், ஒரே நொதி மூலக்கூறு இதை விநாடிக்குச் சுமார் பத்து லட்சம் தடவை செய்கிறது.

இதே நொதியைக் கல்லின் பக்கம் திருப்பினால்? கலிஃபோர்னியாவில் ஆய்வாளர்கள் ஆடம் சுபாஸ், ஜெஸ் ஆட்கின்ஸ் குழுவினர் இதைச் செய்து பார்த்து, முடிவுகளை 2017இல் வெளியிட்டனர். கடல்நீரில் ஏற்கெனவே ஏராளமான கார்பன் இருப்பதால், கல்லிலிருந்து வந்தது எது என்று பிரித்தறிவது கடினம். எனவே, இயற்கையில் அரிதான கார்பன்-13 கொண்டே கால்சைட் படிகங்களைத் தயாரித்து, அவற்றைக் கடல்நீரில் இட்டனர். நீரில் கார்பன்-13 கூடக்கூட, கரைந்த அளவு துல்லியமாகத் தெரிந்தது. நொதியைச் சேர்த்ததும் வேகம் கூடியது. கல் மிக மெதுவாகக் கரையும் நிலையில், அதாவது நீர் கிட்டத்தட்ட நிறைவுற்றிருக்கும்போது, அது நூற்றுக்கணக்கான மடங்கு உயர்ந்தது. கல்லைக் கரைக்கும் அமிலத்தை விரைவாக உண்டாக்கிக் கொடுத்ததே நொதியின் வேலை.

ஒன்றை மறக்கக் கூடாது. கடைசியில் எவ்வளவு கல் கரையும் என்பதை நொதி மாற்றாது. அந்த நிலையை எட்டும் காலத்தைத்தான் குறைக்கும். ஆனால் காலம்தான் இங்கே சிக்கலே. நாம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடைக் கடலடிச் சுண்ணாம்பு கரைந்து சமன்செய்ய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து அந்த வாயுவை பைகார்பனேட்டாகக் கடலில் நிறுத்திவைக்க முயல்வோருக்கு, எந்தப் படியை முடுக்க வேண்டும் என்பதை இந்த நொதி காட்டிவிட்டது.