காந்தப் பொருள்களில் ஒழுங்கும் அதன் அளவையும்

எமது கல்லூரிப் பௌதிக ஆய்கூடத்திற் கற்றவர் பலருக்கு இப்பரிசோதனை நினைவிருக்கும். மெல்லிய இரும்புக் கம்பித் துண்டொன்று காந்தத்தினால் ஈர்க்கப்பட்டு நிற்கும். சுவாலையிற் சிவக்கும்வரை சூடாக்கியதும் ஈர்ப்பற்று விழும். ஆறியபின் மீண்டும் காந்தத்தை நாடும். “சூடேறியது, காந்தத்தன்மை போயிற்று” என்று செய்முறைக் கொப்பியில் எழுதி அமைந்தோம். போனது யாது என்ற வினா எம்முள் எழவில்லை.

இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம். சூட்டினால் அணுக்காந்தங்கள் அழிந்துபோவதில்லை. அவற்றிடையே இருந்த இணக்கமே குலைகின்றது. இவ்வாறு வெப்பத்தினால் நேரும் மாற்றங்களை 1895 ஆம் ஆண்டிற் பியர் கியூரி நுணுகி ஆராய்ந்தார். இரும்புக்குரிய கியூரி வெப்பநிலை சதம அளவையில் 770 பாகை. அதற்குக் கீழ் அணுக்கள் ஒன்றையொன்று ஒரே திசைக்கு இழுக்கின்றன என்று 1907 இற் பியர் வைஸ் விளக்கினார். அங்ஙனமாயின் கடையில் வாங்கும் ஆணி ஏன் காந்தமாயில்லை? அதனுள்ளே பல சிறு பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒழுங்குடையதே, ஆனால் வெவ்வேறு திசையை நோக்கியது. ஆகவே ஒழுங்கை ஒரு பகுதியினுள்ளேயே அளத்தல் வேண்டும்.

காலைப் பிரார்த்தனைக்கு நிரைநிரையாக நிற்கும் மாணவரை எண்ணிப் பார்ப்போம். கிழக்கு நோக்கியவனுக்கு +1, மேற்கு நோக்கியவனுக்கு –1 எனக் கொண்டு, கூட்டுத்தொகையை மாணவர் தொகையால் வகுப்போம். யாவரும் ஒரே திசை நோக்கின் விடையின் பருமன் 1; மனம்போனபடி நிற்பின் ஏறக்குறையப் பூச்சியம். இத்தகைய எண்ணே ஒழுங்குப் பரமானம். மாறுநிலை வெப்பநிலைக்கு மேலே பூச்சியமாயும், கீழே பூச்சியமல்லாததாயும் இருப்பது அதன் இலக்கணம். இக்கருத்தை 1937 இல் லெவ் லண்டாவு பொதுக் கோட்பாடாக்கினார். மேலே எத்திசைக்கும் தனியுரிமை இல்லை. கீழே ஒரு திசை தெரிந்தெடுக்கப்படுகின்றது. வைஸின் கணிப்பின்படி, மாறுநிலைக்குச் சற்றுக் கீழே, வெப்பநிலைக் குறைவின் வர்க்கமூலத்தைப் போல இவ்வெண் வளர்தல் வேண்டும். இரும்பை அளந்தால் அது கனமூலத்தையே நெருங்கி நிற்கின்றது. அயலணுக்களின் ஏற்றத்தாழ்வுகளைச் சராசரியாக்கி மறைத்தமையால் வந்த பிழை அது.

இனி வேறொரு கூட்டம். முதல் நிரை கிழக்கு நோக்க, இரண்டாம் நிரை மேற்கு நோக்க, இப்படியே மாறிமாறி நிற்கின்றது. மேற்கூறியபடி கூட்டினாற் பூச்சியம்! கூட்டல் மட்டும் அறிந்த கணக்கன் இதனைக் குழப்பமென்பான். காண்பவனோ செவ்விய ஒழுங்கென்பான். பரீட்சையில் நானும் அக்கணக்கனைப் போலவே, காந்தத்தால் ஈர்க்கப்படாத பொருளில் அணுக்காந்தங்கள் ஒழுங்கற்றன என்று எழுதினேன். பொருளிற் குறையில்லை, எண்ணிய முறையே பிழை. ஒற்றை நிரைகளை உள்ளபடியும் இரட்டை நிரைகளைக் குறிமாற்றியும் கூட்டினால் விடை 1. இந்நிரைமாற்றுக் கூட்டலே எதிரயக்காந்தத்தின் ஒழுங்குப் பரமானம்.

இவ்வகை ஒழுங்கை 1930 களில் லூயி நேயல் கோட்பாட்டளவில் வகுத்தார். புறத்தே காந்தம் காட்டாத ஒன்றை நேரிற் காண்பதெங்ஙனம்? நியூத்திரன் உதவிற்று. அது மின்னேற்றமற்றதாயினும் தானே ஒரு சிறு காந்தம். அணுக்காந்தங்களின் திசையை உணர்ந்து சிதறும். 1949 இற் கிளிபோட் ஷல்லும் சாமுவேல் ஸ்மார்ட்டும் மங்கனீசு ஒட்சைட்டை நன்கு குளிரூட்டி நியூத்திரன் கற்றையைச் செலுத்தினர். அறை வெப்பநிலையில் இல்லாத புதிய உச்சிகள் தோன்றின. நிரைகள் மாறிமாறி நிற்பதனாற் பளிங்கின் காந்த அடுக்கு இருமடங்கு இடைவெளியில் மீள்வதை அவை காட்டின.

மக்னற்றைற்று எனும் காந்தக்கல்லில் எதிரெதிர் நிற்கும் இருசாராரும் சமவலியினரல்லர். எஞ்சிய வலியே மாலுமியின் ஊசியைத் திருப்பியது. 1948 இல் நேயல் இதனையும் விளக்கினார்.

செம்பிற் சிறிதளவு மங்கனீசு கலந்த உலோகக் கலவையோ இவ்விரு கூட்டலுக்கும் அகப்படாது. குளிர்ந்ததும் ஒவ்வொரு மங்கனீசு அணுவும் தனக்கெனத் தாறுமாறான ஒரு திசையில் உறைகின்றது. எந்நிரையைக் குறிமாற்றினும் பூச்சியமே. 1975 இற் சாம் எட்வேட்ஸும் பிலிப் அண்டர்சனும் கேள்வியையே மாற்றினர்: அயலானோடு ஒப்பிடாது, அவனை நெடுநேரம் கழிந்தபின் அவனோடேயே ஒப்பிடுக. இன்று நோக்கிய திசையையே நாளையும் நோக்கின், அதுவும் ஓர் ஒழுங்கு. ஆனால் ஒவ்வோர் அணுவும் ஏனைய யாவற்றோடும் தாக்கமுறும் மாதிரியில், அதற்கும் ஒரு தனியெண் போதாது, ஒரு முழுச்சார்பே வேண்டும் என்று 1979 இல் ஜோர்ஜோ பரீசி காட்டினார். 2021 இல் அவர் நோபெல் பரிசு பெற்றபோது இவ்வாராய்ச்சியும் எடுத்துரைக்கப்பட்டது. ஆய்கூடத்தில் உள்ள உண்மைக் கலவைகளுக்கும் அது பொருந்துமா என்பது இன்றும் விவாதத்திற்குரியது.