டவுன் சிண்ட்ரோமும் வீட்டாரின் விழிப்பும்

மனித உடலின் உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள் 23 இணைகளாக இருக்கின்றன. 21ஆம் இணையில் மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று அமைந்துவிட்டால் அதுவே டவுன் சிண்ட்ரோம். இதன் அடையாளங்களை இங்கிலாந்து மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் 1866இல் விவரித்தார். காரணம் கூடுதல் குரோமோசோம் என்பது 1959இல்தான் தெரியவந்தது. அது தெரிந்து இத்தனை காலம் ஆகியும் பல வீடுகளில் பழி தாயின் தலையில்தான் விழுகிறது. கிரகணத்தன்று வெளியே போனாள், சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டாள் என்கிறார்கள். இவற்றுக்கும் இந்நிலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது, சில சமயம் விந்தணு உருவாகும்போது, குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போய்விடுகின்றன; அவ்வளவுதான். தாய்க்கு 35 வயதானால் ஏறக்குறைய 350 பிறப்புகளில் ஒன்று, 40 வயதில் சுமார் நூறில் ஒன்று என வாய்ப்பு கூடுகிறது. ஆனால் இளம் வயதில் பிள்ளை பெறுவோரே அதிகம் என்பதால், இக்குழந்தைகளில் பலர் இளம் தாய்மாருக்கே பிறக்கிறார்கள்.

முக அமைப்பையும் துவண்ட கைகால்களையும் பார்த்து மருத்துவர் சந்தேகப்பட்டால், ரத்தம் எடுத்து, குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் கேரியோடைப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார். சுமார் 95 விழுக்காட்டினருக்கு இது தற்செயலாக நேர்வது. ஒரு சிறு பகுதியினருக்குக் கூடுதல் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டியிருக்கும். அப்போது பெற்றோரையும் சோதிக்க வேண்டும். அடுத்த பிள்ளையைப் பற்றிய முடிவுக்கு அது அவசியம்.

பிறந்ததும் முதலில் கவனிக்க வேண்டியது இதயத்தை. ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு அதில் குறை இருக்கும். வெளியே அறிகுறி தெரியாவிட்டாலும் எக்கோ எடுத்தே ஆக வேண்டும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பதையும், பாதியிலேயே களைத்து விட்டுவிடுவதையும் முதலில் காண்பவர் தாய்தான். அதை மருத்துவரிடம் சொல்லத் தயங்கக் கூடாது. சில குறைகளை முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை செய்து சரிப்படுத்தாவிட்டால் நுரையீரல் கெட்டுவிடும்.

தசை இறுக்கம் குறைவு என்பதால் தலை நிற்பதும் உட்காருவதும் தாமதமாகும். நடக்க இரண்டு வயதோ அதற்கு மேலோ ஆகலாம். பேச்சு இன்னும் பிந்தும். ஆனால் குழந்தைக்குப் புரிவது அது பேசுவதைவிட அதிகம். பேசவில்லையே என்று வீட்டார் அதனிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டால் இழப்பு பெரிது.

இந்தத் தாமதங்கள் பழகிப்போன வீட்டில்தான் ஓர் ஆபத்து வருகிறது. எது நடந்தாலும் ‘இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள். சில மருத்துவர்களும் அப்படியே சொல்கிறார்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதுக்குள் நீர் கோத்திருக்கலாம். மந்தமாக, மலச்சிக்கலோடு, எடை கூடிக்கொண்டு போகும் பிள்ளைக்குத் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். குறட்டைவிட்டு, தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிள்ளை பகலில் முரண்டு பிடிக்கும். அது பிடிவாதம் இல்லை, தூக்கக் குறைவு. நன்றாக நடந்த பிள்ளை திடீரெனத் தடுமாறினால் கழுத்து முள்ளெலும்பு விலகித் தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. கூடுதல் குரோமோசோமை எடுத்துவிட முடியாது. அதன் பெயரால் மற்ற நோய்களைக் கவனிக்காமல் விடுவது மன்னிக்க முடியாத தவறு.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பதா, சிறப்புப் பள்ளியில் சேர்ப்பதா என்பதைப் பிள்ளையின் திறனைப் பார்த்து முடிவு செய்யலாம்.

அமெரிக்காவில் 1983இல் 25 ஆண்டுகளாக இருந்த இவர்களின் சராசரி ஆயுள் இப்போது ஏறக்குறைய 60ஐ எட்டியிருக்கிறது. முக்கியக் காரணம் இதய அறுவை சிகிச்சை. வயது கூடும்போது அல்சைமர் நோய் மற்றவர்களைவிட முன்னதாகவே வருகிறது. ஆனால் நாற்பதைத் தாண்டிய ஒருவர் மறதியோடு ஒடுங்கிப்போனால், அப்போதும் முதலில் தைராய்டு, காது, கண், மனச்சோர்வு ஆகியவற்றைச் சோதித்துப் பார்க்கும்படி வீட்டார் கேட்க வேண்டும்.