கஞ்சமலைக்கு ஒரு பிளான்ட் போடலாமா?

மல்லசமுத்திரத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னு வடக்கே பார்த்தா, வெயில் தெளிவா இருக்கிற நாள்ல கஞ்சமலை தெரியும். "அந்த மலை முழுக்க இரும்பு சாமி, எடுக்கத்தான் ஆளில்ல"ன்னு எங்க அம்மாயி சின்ன வயசுல இருந்தே சொல்லுவாங்க. ஃபைனல் இயர் டிசைன் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடினப்போ அதுதான் ஞாபகம் வந்துச்சு. கஞ்சமலைக் கல்லைச் சுத்திகரிக்க ஒரு பிளான்ட் டிசைன் பண்ணி, அதுக்கு எவ்வளவு செலவாகும்னு கணக்குப் போடணும். இவ்வளவுதானேன்னு நினைச்சேன்.

முதல் ரிவ்யூவில என்னோட கடைசி ஸ்லைடு: "மொத்தச் செலவு 412.37 கோடி ரூபாய்". கைடு சார் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "புள்ளிக்குப் பின்னாடி இருக்கிற 37-ஐ விடுப்பா. முன்னாடி இருக்கிற 4 சரியா?"ன்னு கேட்டார். பதில் இல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் தேடினப்போ கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை. எந்தக் கனிமத்துக்கு நீங்க பிளான்ட் போட்டாலும் இதே வழிதான்.

முதல்ல கல்லைக் கேளுங்க

நாம மெஷின்ல இருந்து ஆரம்பிப்போம். அது தப்பு. கல்லுல இருந்து ஆரம்பிக்கணும். கஞ்சமலையில இருக்கிறது மேக்னடைட் குவார்ட்சைட். கறுப்பு இரும்புத் தாதும் வெள்ளைக் குவார்ட்ஸும் வரி வரியா ஒட்டிக் கிடக்கும். இரும்பு 35 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். உலைக்கு 60-க்கு மேல வேணும்.

ரெண்டையும் பிரிக்க, ஒட்டியிருக்கிற மணிகள் தனித்தனியாகிற அளவுக்குக் கல்லைப் பொடியாக்கணும். அதனால வரிசை இப்படிப் போகும்: ஜா கிரஷர், கோன் கிரஷர், சல்லடை, பால் மில். பிறகு தண்ணியில கலந்த பொடியைக் காந்த டிரம் மேல ஓட விடுவாங்க. மேக்னடைட் டிரம்ல ஒட்டும், குவார்ட்ஸ் தண்ணியோட போயிடும். கடைசியில திக்கனரும் ஃபில்டரும் தண்ணியைப் பிரிச்சுத் திருப்பித் தரும்.

100 டன் போட்டா என்ன வரும்?

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். உள்ள போற கல்லுல இரும்பு 36 சதவீதம், வெளிய வர்ற நல்ல சரக்குல 65, கழிவுல 10. உள்ள போன இரும்பும் வெளிய வந்த இரும்பும் சமமா இருக்கணும். அந்த ஒரே ஒரு விதியை வச்சுக் கணக்குப் போட்டா, 100 டன் கல்லுக்கு 47.3 டன் சரக்கு, 52.7 டன் கழிவு. இரும்புல 85 சதவீதம் கைக்கு வருது.

அதாவது இது இரும்பைவிட அதிகமா கழிவு தயாரிக்கிற ஆலை! வருஷத்துக்கு 10 லட்சம் டன் கல்லு அரைச்சா 5.27 லட்சம் டன் கழிவு. ஒரு கன மீட்டர் 1.5 டன்னுன்னு வச்சா, 10 ஏக்கர் காட்டுல கொட்டினாலும் ஒரே வருஷத்துல சுமார் 28 அடி உயரம் நிக்கும்.

மெஷின் சைஸும் இங்க இருந்துதான் வரும். வருஷத்துல 90 சதவீத நேரம் ஓடும்னு வச்சா, மணிக்கு 127 டன். இந்த எண் இல்லாம மில்லுக்கு விலை கேட்டா யாரும் பதில் சொல்ல மாட்டாங்க.

நைசா அரைச்சா கரண்டு பில்

இட்லி மாவு மாதிரிதான். கொரகொரப்பா போதும்னா கிரைண்டரைச் சீக்கிரம் நிறுத்திடலாம், நைசா வேணும்னா ஓட்டிக்கிட்டே இருக்கணும். எவ்வளவு நேரம்ங்கிறதுக்கு ஃப்ரெட் பாண்ட் 1952-ல ஒரு சூத்திரம் தந்தார். தேவையான மின்சாரம், துகள் அளவோட வர்க்கமூலத்துக்குத் தலைகீழா ஏறும்.

கல்லோட அரைபடும் எண் 13-ன்னு எடுத்து, 10 மில்லிமீட்டர் கல்லை 150 மைக்ரானுக்கு அரைச்சா டன்னுக்கு 9.3 யூனிட். 75 மைக்ரானுக்கு, அதாவது சுமார் தலைமுடி தடிமனுக்கு, 13.7 யூனிட். 45 மைக்ரானுக்கு 18.1. மணி எந்த அளவுல தனியாகுதுன்னு லேப்ல பார்க்காம நான் 75-ன்னு ஊகிச்சிருந்தேன். அது 45-ஆ இருந்திருந்தா பெரிய மில், பெரிய மோட்டார், மூணுல ஒரு பங்கு கூடுதல் கரண்டு. மொத்த பட்ஜெட்டும் மாறியிருக்கும்.

மெஷின் விலை வேற, பிளான்ட் விலை வேற

மெஷின்களை மட்டும் கூட்டினப்போ எனக்கு 113.6 கோடி வந்துச்சு. ஆனா அஸ்திவாரம், ஷெட், பைப், வயரிங், மின் இணைப்பு, எஞ்சினியரிங், எதிர்பாராத செலவு எல்லாம் இருக்கே? 1940-கள்ல ஹான்ஸ் லாங் இதுக்குக் குறுக்குவழி சொன்னார்: கல்லும் தண்ணியும் கலந்து ஓடுற ஆலைன்னா மெஷின் விலையை 3.63-ஆல பெருக்குங்க. 113.6 × 3.63 = 412.37. ஆக, அந்த 37 என் அறிவு இல்ல, கால்குலேட்டரோட அறிவு.

இன்னொரு குறுக்குவழி 0.6 விதி. கொள்ளளவை ரெண்டு மடங்காக்கினா செலவு ரெண்டு மடங்காகாது, சுமார் ஒன்றரை மடங்குதான் ஆகும். பெரிய ஆலை ஏன் மலிவுன்னு இதுல புரியும்.

ஆனா இந்த ஆரம்பக் கட்டக் கணக்குகளோட துல்லியம் என்ன? செலவுப் பொறியாளர்களோட ஏஏசிஇ அமைப்பு மதிப்பீடுகளை அஞ்சு வகுப்பா பிரிச்சிருக்கு. லேப் டெஸ்ட், லேஅவுட் எதுவும் இல்லாத அஞ்சாம் வகுப்புல நிஜச் செலவு பாதியாவும் இருக்கலாம், ரெட்டிப்பாவும் இருக்கலாம். அப்போ என் 412.37-க்கு நேர்மையான அர்த்தம், "200 கோடிக்கும் 800 கோடிக்கும் நடுவுல எங்கயோ". சார் கேட்ட 4-க்கே உத்தரவாதம் இல்ல.

தண்ணி எங்க இருந்து?

எக்செல் ஷீட்ல தண்ணிக்கு நான் ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தேன். கழிவுக் குழம்புல பாதி எடை தண்ணியா குட்டைக்குப் போனா, ஒரு நாளைக்கு 14.4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில 120 லோடு. குட்டையில இருந்து கொஞ்சம் திருப்பி எடுக்கலாம், மிச்சம் ஆவியாகும், மண்ணுல இறங்கும். இந்தியா முழுக்கப் போய் போர் போடுற ரிக் லாரிகளோட ஊர் திருச்செங்கோடு, நமக்குப் பக்கம்தான். அந்த ஊரைச் சுத்தியே 1000 அடி போட்டும் காத்து வர்ற கதை உங்களுக்கே தெரியும்.

கழிவை ஃபில்டர் பண்ணி, 15 சதவீத ஈரத்தோட கட்டியா கொட்டினா தினமும் சுமார் 2.5 லட்சம் லிட்டர்தான் போகும், 21 லோடு. ஆனா ஃபில்டர் விலை ஏறும், கரண்டும் ஏறும். தண்ணிக்கு விலை போடாத வரைக்கும் ஃபில்டர் வீண் செலவு மாதிரி தெரியும். போட்டதும் அதுதான் பிளான்ட்டைக் காப்பாத்துது.

கஞ்சமலை சொல்ற கணக்கு

இதே வகைக் கல்லை அரைச்ச பெரிய ஆலை கர்நாடகாவுல குதிரேமுக். அங்க மழைக்குப் பஞ்சமே இல்ல. பொடியைத் தண்ணியில கலந்து 67 கிலோமீட்டர் குழாய்ல மங்களூருக்கே அனுப்பினாங்க, கழிவைத் தேக்க லக்யா அணை கட்டினாங்க. ஆனா சுரங்கம் இருந்தது காட்டுக்குள்ள, பத்ரா ஆத்தோட தலைமாட்டுல. உச்ச நீதிமன்ற உத்தரவால 2005 கடைசியில நின்னுபோச்சு.

நம்ம பக்கத்துல, 1830-கள்ல ஜோசையா மார்ஷல் ஹீத் சேலத்துத் தாதை நம்பிப் பரங்கிப்பேட்டையில உலை கட்டினார். விறகுக்கரிக்கே திண்டாட்டமாகி அது நிலைக்கல. 1970-ல சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினப்போ கஞ்சமலைத் தாதும் நெய்வேலி நிலக்கரியும்தான் பேச்சு. ஆனா 1980-களின் தொடக்கத்துல அது, வெளிய இருந்து வர்ற சுருளை மெல்லிசாக்கும் ஸ்டெயின்லெஸ் ஆலையாத்தான் ஓட ஆரம்பிச்சுது. மலையடிவாரத்துல ஆலை இருக்கு, மலை அப்படியே இருக்கு.

ரெண்டாவது ரிவ்யூவில ஒரே எண் போடல. "200 முதல் 800 கோடி. இதைச் சுருக்க முதல்ல ரெண்டு விஷயம் தெரியணும்: எத்தனை மைக்ரான், எத்தனை லிட்டர்"னு எழுதினேன். சார் தலையாட்டினார். மதிப்பீடுங்கிறது ஒரு தொகையைக் கண்டுபிடிக்கிற வேலை மட்டும் இல்லங்க. எந்த ஊகம் தப்பானா மொத்தமும் கவிழும்னு முன்னாடியே கண்டுபிடிக்கிற வேலை. உங்க ப்ராஜெக்ட் கடைசி ஸ்லைடுல புள்ளிக்கு அப்புறம் எண் இருந்தா, அது எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

அம்மாயிகிட்டயும் போய்ச் சொன்னேன்: "எடுக்க ஆளிருக்கு அம்மாயி, அலச தண்ணிதான் இல்ல." கொஞ்சம் யோசிச்சுட்டு, "அலசின சேத்தை எங்க கொட்டுவாங்க?"ன்னு கேட்டாங்க. என் முதல் ரிவ்யூவில நான் விட்ட ரெண்டாவது வரி அதுதான்.